இடது கையில் கிலுகிலுப்பை

அடையாள அட்டை அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில், எட்டடி அகலத்தில் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. வேறு எங்கேயாவது எடுத்த படத்தை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தால், வாசலில் நிற்கும் காவலாளியே கையை நீட்டி, எதிரில் அந்தம்மாவிடம் போங்கள், அந்தம்மா எடுத்தால் திரும்பி வராது என்று அனுப்பிவிடுவார். அந்தம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. வெளியேதான் அந்தம்மா, வீட்டில் இன்றைக்கும் சின்னவள். மூன்று வருடம் முந்திப் பிறந்தவள் பெரியவள். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது, பட்டம் மட்டும் மாறவில்லை.

சின்னவளின் தொழில் இருபத்திரண்டு வருடமாக ஒன்றுதான். சிரிக்கிறவர்களைச் சிரிக்காமல் உட்கார வைப்பாள். காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது, கண் இரண்டும் திரையில் போட்டிருக்கும் கோட்டில் நிற்க வேண்டும். ஏன் எல்லாரையும் திருடன் மாதிரி எடுக்கிறீர்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. "இது நீங்கதான்னு அவங்க நம்பினா போதும், நீங்க நம்ப வேண்டாம்" என்பாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. கேட்டவருக்கு அது கிண்டலா இல்லையா என்று வீடு போய்ச் சேரும்வரை விளங்காது.

இன்னொரு வகை வாடிக்கையாளர்களும் வருவார்கள். கைபேசியில் தங்களைத் தாங்களே எடுத்துக்கொண்டு வந்து, அச்சுப் போட்டுக் கொடுத்தால் போதும் என்பார்கள். சின்னவள் ஒரு பார்வை பார்ப்பாள். சட்டைப் பை வலது பக்கம் போயிருக்கும், வகிடு இடம் மாறியிருக்கும். இது இடவலம் திரும்பின படம், கண்ணாடியில் நீங்கள் பார்க்கிற நீங்கள், அலுவலகத்துக்கு நேரில் நிற்கிற நீங்கள்தான் வேண்டும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். திரும்பின படம் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது என்று தெருவில் பெயர். அவளுக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேறு ஆள். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதில் பழைய குடும்பப் படங்களைப் பரப்பிக்கொண்டு உட்காருவாள். படங்களைப் பெரிதாக்கித் துணியில் அச்சிடுவாள். அதன்மேல் ஊசி நூலால் தைப்பாள், சாயம் தடவுவாள், கத்தரித்து வேறொன்றோடு ஒட்டுவாள். அப்பாவின் சட்டைக் காலர், அம்மாவின் ரவிக்கைக் கொக்கிகள், தையற்காரர் போட்ட அளவுச் சீட்டு எல்லாம் உள்ளே வரும். அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேவுக்குப் பின்னால் விளக்கு வைத்து, எலும்புக்கு நடுவில் அப்பா முகம் தெரிகிற மாதிரி ஒன்று செய்திருந்தாள். அதைப் பார்த்த மருத்துவர் ஒருவர் முழங்காலைப் பற்றி மட்டும் நீளமாகப் பேசிவிட்டுப் போனார்.

கணவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. மேசை போனதிலிருந்து அவர் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். வேலையிலும் நின்றே பழகியவர் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ஒட்டு வேலை பண்றா" என்பார். அதில் கேலியும் கிடையாது, பெருமையும் கிடையாது.

சொந்தக்காரர்களில் மனம் வருந்தியவர் ஒருவர் மட்டும்தான், அம்மாவின் தம்பி. அவருடைய படத்தில் வாயின்மேல் சின்னவள் சிவப்பு நூலால் குறுக்கும் நெடுக்கும் தைத்திருந்தாள். அது வண்ணப் பொருத்தத்துக்காக என்று சொன்னாள். மாமாவைத் தெரிந்தவர்கள் யாரும் அதை நம்பவில்லை. ஆறு மாதம் பேசாமல் இருந்தார். அந்தப் படம் ஒரு கண்காட்சியில் நடுச் சுவரில் தொங்குகிறது என்று கேள்விப்பட்டதும், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து சமாதானமாகிவிட்டார்.

ஆனால் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறொரு படம். அது அவளுடைய குழந்தைப் படம், இருப்பதே அந்த ஒன்றுதான். ஸ்டூடியோ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த எட்டு மாதக் குழந்தை. கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் சாயம் பூசி, கவுனை இளஞ்சிவப்பாக்கி, தோளில் மடிப்பு மடிப்பாக ஒரு சுருக்குத் துணி வரைந்திருந்தார்கள். இடது கையில் கிலுகிலுப்பை. சின்னவளுக்கு இடது கைப் பழக்கம். அப்பவே பாருங்கள், இடது கையில்தான் பிடித்திருக்கிறாள் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்தப் படத்தைக் காட்டித்தான் வீட்டில் சொல்வார்கள். அப்பா உயிரோடு இருந்தவரை அதை அலுவலக மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். விளக்கு மின்னியதும் குழந்தை வீறிட்டு அழுததையும், தானே தூக்கிச் சமாதானம் செய்ததையும் அவர் சொல்லக் கேட்காதவர்கள் அந்த அலுவலகத்தில் கிடையாது. மாமா இன்னும் ஒரு படி மேலே போவார். கேமராவுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டி, குழந்தையை நேராகப் பார்க்க வைத்தது அவர்தானாம்.

அப்பா போன பிறகுதான் சின்னவள் அந்தப் படத்தைக் கையில் எடுத்தாள். ஒன்பது வருடத்தில் அதை வைத்து நாற்பத்தோரு வேலைகள் செய்தாள். தன் இப்போதைய முகத்தை அதன் பாதியோடு சேர்த்துத் தைத்தாள். கிலுகிலுப்பையை மட்டும் வெட்டி எடுத்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள். கல்லூரி ஒன்றில் பேசக் கூப்பிட்டபோது, பிறந்த வீட்டை விட்டு எவ்வளவு தூரம் வந்தாலும் இந்தக் கை மட்டும் மாறவில்லை என்று சொன்னாள். நான்கைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளும் துடைத்துக்கொண்டாள்.

இந்த வருடம் பொது நூலகத்தின் இரண்டாவது மாடியில் இருக்கும் அரங்கத்தைப் பத்து நாளைக்கு அவளுக்கென்றே ஒதுக்கினார்கள். அரங்கப் பொறுப்பாளர் மெல்லிய சட்டத்தில் கண்ணாடி போட்ட பெண்மணி. மூன்று வாக்கியத்துக்கு ஒரு தடவை 'அடையாளம்' என்ற சொல்லைச் சொல்லாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். குழந்தைப் படத்தைக் கதவளவு பெரிதாக்கி, 'நான்' என்று பெயர் வைத்து, நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டுவதாக முடிவாயிற்று. அழைப்பிதழும் அதே படத்தோடு அச்சாகி ஊர் முழுக்கப் போய்விட்டது. பக்கத்துச் சுவர் வெறுமையாக இருக்கிறதே, அக்காவின் குழந்தைப் படத்தையும் அதே அளவில் வைத்தால் என்ன என்று பொறுப்பாளர் கேட்டார். சின்னவளுக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. ஆனாலும் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

பெரியவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். ஆட்களைக் காக்க வைப்பதில் முப்பது வருட அனுபவம். தன் படத்தைக் கொடுப்பதற்கும் தங்கையை இரண்டு வாரம் காக்க வைத்தாள். அவளுடைய கைக்குழந்தைப் பருவத்துக்கே பதினொரு படங்கள் உண்டு, தனி ஆல்பம். அதிலிருந்து ஒன்றைத் துவாலையில் சுற்றிக் கொண்டுவந்து, ஓரம் மடங்கினால் தெரியும் சேதி என்று சொல்லி நீட்டினாள். அந்தப் படம் சின்னவள் சிறுவயதிலிருந்தே பார்த்ததுதான். வெள்ளைக் கவுன், தோளில் இரண்டு பொத்தான், வலது கையில் கிலுகிலுப்பை. இரண்டு குழந்தையும் ஒரே அச்சு என்று எல்லாரும் சொல்வார்கள். அக்கா தங்கை என்றால் அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிட்டிருந்தாள்.

ஸ்டூடியோவில் கூட்டம் இல்லாத மத்தியானம் இரண்டையும் கணினியில் ஏற்றினாள். சுவரில் கண்கள் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக, தொழில் பழக்கத்தில், ஒன்றின்மேல் இன்னொன்றை வைத்து கண்களைக் கோட்டில் நிறுத்தினாள். கண் பொருந்தியது. காது பொருந்தவில்லை, கை பொருந்தவில்லை. ஒன்றை இடவலம் திருப்பினால் எப்படி இருக்கும் என்று விளையாட்டாக ஒரு தட்டுத் தட்டினாள். எல்லாம் பொருந்திவிட்டது. கட்டை விரல் நகம், நெற்றியில் விழுந்த முடி, கீழ் உதட்டில் பளபளத்த எச்சில் துளிகூடப் பொருந்தியது. சுருக்குத் துணி வரைந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சாயத்துக்கு அடியில் இரண்டு வட்டங்கள் மங்கலாகத் தெரிந்தன. அவை பெரியவளின் பொத்தான்கள்.

அதே சமயம் ஒருவர் அட்டைக்குப் படம் எடுக்க வந்தார். சின்னவள் அவரை உட்கார வைத்தாள், மோவாயைத் தாழ்த்தச் சொன்னாள், எடுத்தாள், எட்டுப் பிரதி வெட்டிக் கொடுத்தாள். அவர் போனதும் கதவில் 'சற்று நேரத்தில் வருகிறேன்' பலகையைத் திருப்பி மாட்டிவிட்டு, முகம் கழுவும் தொட்டியில் போய்க் காபிக் கோப்பையை நான்கு தடவை கழுவினாள். ஊரார் படத்தையெல்லாம் ஒரே நொடியில் திருப்பிக் கொடுக்கிறவள், தன் படத்தை ஒன்பது வருடம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் கோட்டை விட்டிருந்தாள். வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரியதாக ஒரு பயம் வந்தது. இது அக்கா என்றால் தான் எங்கே? அவளுக்குத் தெரிந்து இதற்கு அடுத்த படம் ஆறு வயதில் பள்ளிக்கூடத்தில் எடுத்தது, மூன்றாவது வரிசை, முன்னால் நிற்கிறவளின் ரிப்பன் பாதி முகத்தை மறைத்திருக்கும். அதற்கு முந்தின வருடங்களில் அந்த வீட்டில் தான் இருந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அன்று சாயங்காலமே இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போனாள். அம்மா மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறாள். தொலைபேசி இணைப்பகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவள். ஊர்ப்பட்ட பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அங்கே வேலை, ஓய்வு பெற்ற பிறகும் அவள் அதை விடவில்லை. சின்னவள் இரண்டு படத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். "இதைக் கண்டுபிடிக்க உனக்கு இத்தனை வருஷமா? நீ என்ன போட்டோ எடுக்கிற?"

சின்னவள் கோபத்தோடுதான் போயிருந்தாள். அந்தக் கேள்வியில் கோபம் இரண்டு மடங்காயிற்று. என்னை ஏன் யாருமே படம் எடுக்கவில்லை என்று கேட்டாள். பெரிய காரணம் ஏதாவது இருக்கும், நோய் நொடி, சண்டை சச்சரவு, இத்தனை நாள் மறைத்த ஏதோ ஒன்று என்று எதிர்பார்த்திருந்தாள். அம்மா கொஞ்சம் யோசித்தாள். எட்டு மாதத்தில் ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனது நிஜம்தானாம். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது குழந்தை தூங்கிவிட்டதாம்.

"தூங்குற பிள்ளையை யாராவது எழுப்புவாங்களா?" என்றாள் அம்மா.

அதோடு திரும்பி வந்துவிட்டார்கள். அடுத்த வாரம் போகலாம் என்றார்கள். அடுத்த வாரத்தில் ஏதோ வேலை வந்தது. அப்படியே ஐந்து வருடம் ஓடிவிட்டது. இவ்வளவுதான் காரணம்.

மீதியையும் அம்மா சொன்னாள், ரயில் நேரம் சொல்கிற குரலில். ஐந்து வயதில் ஒரு நாள் சின்னவள் ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, அப்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்டாள். யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை, ஆல்பத்தைக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். மூன்றாவது நாள் அம்மா அரைநாள் விடுப்பு எடுத்து, பெரியவளின் நெகட்டிவ்வோடு பஸ் ஏறினாள். இதிலிருந்தே இன்னொரு குழந்தையைச் செய்து தர முடியுமா என்று ஸ்டூடியோக்காரரிடம் கேட்டாள். அவர் கவுனுக்குச் சாயம் பூசலாம், பொத்தானை மறைக்கலாம், நாற்காலியை மாற்றி வரையலாம் என்றார். அம்மா இளஞ்சிவப்பு என்றாள், சுருக்குத் துணி என்றாள். எல்லாம் முடிவான பிறகு, கிலுகிலுப்பை தப்பான கையில் இருக்கிறது என்றாள்.

"அவர் எதுக்குன்னு கேட்டார். இவ இடது கைக்காரி, வலது கையில இருந்தா அது இவளா எப்படி இருக்கும்னு கேட்டேன். அப்போ நெகட்டிவைத் திருப்பிப் போட்டுடலாம்னார்."

சின்னவள் அப்பாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

"அலமாரிக்குப் பின்னாடி விழுந்து கிடந்ததுன்னு காட்டினேன். முதல்ல முழிச்சார். பத்து நாள் கழிச்சு, எடுத்த அன்னிக்கு நீ அழுதது ஞாபகம் இருக்குன்னார். நான் என்ன சொல்றது? மனுஷன் சந்தோஷமா இருந்தார்."

மாமாவின் சாவிக்கொத்து? பெரியவளை எடுத்தபோதுகூட அவன் அங்கே இல்லை, அவன் வெளியூரில் இருந்தான் என்றாள் அம்மா.

சின்னவள் படி இறங்கும்போது அழுதாள். அதை மறைக்க ஒன்றுமில்லை. நாற்பத்தாறு வயதுப் பெண்மணி, இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஐந்து வயதில் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்து அழுதாள். இடது கை விஷயம் அவளை அப்போது தேற்றவில்லை, இன்னும் நோகடித்தது. தன்னுடையது என்று அந்தப் படத்தில் மிச்சம் இருந்ததே அந்தக் கை ஒன்றுதான், அதுவும் செய்து வைத்தது என்றுதான் அவளுக்குப் பட்டது.

பெரியவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது, படம் அவளுடையது. தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "அப்போ ஒன்பது வருஷமா என் மூஞ்சியை வச்சுத்தான் நீ பேர் வாங்கிட்டிருக்க" என்றாள். கதவளவுப் படம் தன்னுடையது என்று எழுதி வைக்க வேண்டும், அதுவும் வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற எழுத்தில் என்று சொல்லிவிட்டு, ஒரு நோயாளி வந்துவிட்டார் என்று வைத்துவிட்டாள்.

அரங்கப் பொறுப்பாளருக்குச் சொன்னபோது நடந்ததுதான் அவள் எதிர்பாராதது. கண்காட்சியே ரத்தாகிவிடும் என்று நினைத்துப் போனாள். அவரோ எழுந்து நின்றுவிட்டார். அடையாளம் என்பதே இதுதான், இதைவிட நல்ல கண்காட்சி இந்த ஊரில் நடந்ததில்லை என்றார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, நடுவில் முழுக் கதையையும் ஆள் உயரத்துக்கு எழுதுவோம் என்றார். தலைப்பையும் அவரே சொன்னார்: 'போலி'. பத்திரிகைக்காரர்களைத் தானே கூப்பிடுவதாகவும், இருநூறு சொல்லில் எழுதித் தரும்படியும் கேட்டார். சின்னவள் சரி என்றாள். அம்மா மேல் இருந்த கோபம் அப்போது தணியவில்லை என்பதால், அந்தச் சரியைச் சொல்வது சுலபமாக இருந்தது.

எழுதவும் சுலபமாகத்தான் வந்தது. தூங்கின குழந்தை, ஆல்பம், பஸ், அப்பாவின் பொய் ஞாபகம், மாமாவின் இல்லாத சாவிக்கொத்து எல்லாம் இருநூற்றுப் பத்துச் சொல்லில் அடங்கிவிட்டது. கணவர் நின்றுகொண்டே படித்தார். நன்றாக இருக்கிறது என்றார். அத்தை வருவார்களா என்று கேட்டார். அம்மா திறப்பு விழாவுக்கு வருவாள், அழைப்பிதழ் வந்த அன்றே எந்தச் செருப்பு போடுவது என்று முடிவு செய்துவிட்டாள். மாமா ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருப்பதை, படித்த நாற்பது ஐம்பது பேருக்கு நடுவில் நின்று அம்மா படிப்பாள். சின்னவள் எழுதினதை மடித்து வைத்தாள். கணவரும் வற்புறுத்தவில்லை, தட்டைக் கழுவப் போய்விட்டார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை, சுவரில் ஒட்டும் சிறிய சீட்டுகளை நிரப்பித் தரச் சொல்லி அரங்கத்திலிருந்து படிவம் வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று வரி: யார், என்ன வயதில், படம் எடுத்தவர் அல்லது செய்தவர் யார். சின்னவள் அடையாள அட்டைப் படிவங்களோடு வாழ்கிறவள், படிவம் என்றால் பொய் எழுத வராது. பெரியவளின் படத்துக்கு எழுதினாள்: 'அக்கா. ஒன்பது மாதம். படம்: ஸ்டூடியோக்காரர்.' அதில் குழப்பம் ஒன்றும் இல்லை.

அடுத்த சீட்டில் நின்றுவிட்டாள். 'யார்' என்ற இடத்தில் அக்கா என்று எழுதிப் பார்த்தாள், அது தப்பாகத் தெரிந்தது. அக்காவுக்காகவா அந்தக் கவுன் இளஞ்சிவப்பானது? அக்காவுக்காகவா நெகட்டிவைத் திருப்பினார்கள்? எட்டு மாதம் என்று போட்டாள், அதுவும் தப்பு. எட்டு மாதத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இந்தப் படம் உண்டான அன்று அவளுக்கு ஐந்து வயது, இரண்டு நாள் பட்டினி, கட்டிலுக்கு அடியில் இருந்தாள். கடைசி வரியில் ஸ்டூடியோக்காரர் என்று எழுதப் போனவள் பேனாவை வைத்துவிட்டாள். பழைய படம் ஒன்றை எடுத்து, சாயம் பூசி, வேண்டாததை மறைத்து, இடவலம் திருப்பி, அதில் இல்லாத ஒருத்தியைக் கொண்டுவருகிற வேலையை அவள் ஒன்பது வருடமாக ஞாயிறுதோறும் செய்கிறாள். அதை அவளுக்கு முன்னால் அந்த வீட்டில் ஒருத்தி செய்திருக்கிறாள், அரைநாள் விடுப்பில், ஒரே தடவையில். தன் பெண்ணின் கை எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சின்னவளுக்கு மறுபடி அழுகை வந்தது, இந்தத் தடவை அது வேறு அழுகை.

படிவத்தை நிரப்பி அனுப்பினாள். இருநூற்றுப் பத்துச் சொல்லைக் கிழித்துப் போட்டாள். பொறுப்பாளர் தொலைபேசியில் அரை மணி நேரம் வருத்தப்பட்டார். பத்திரிகைக்காரர்களுக்கு என்ன சொல்வது, இதில் அடையாளம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். சீட்டில் இருக்கிறது என்றாள் சின்னவள். அதைச் சொல்லும்போது அவள் குரல் ஸ்டூடியோவில் இருப்பது போலவே இருந்தது, அதனால் அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. நுழைந்ததும் இரண்டு குழந்தைகள், கதவளவில், கண்கள் ஒரே உயரத்தில். பெரியவள் வாசலுக்குக் கிட்டே தன்னுடையதுதான் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டாள், சீட்டைப் படித்தாள், திருப்தியாகித் தன் மருத்துவரை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாள். மாமா ஆறு பேரையும் சின்னவளின் படத்துக்கு எதிரே கூட்டிக்கொண்டு போய், சாவிக்கொத்தை ஆட்டியது எப்படி என்று ஆட்டியே காட்டினார். இந்தத் தடவை கதையில் விளக்கைச் சரி செய்ததும் அவர்தான். அதை யாரும் தடுக்கவில்லை, சின்னவள் தலையைக்கூட ஆட்டினாள்.

நான்கு பேர் அவளிடம் தனியாக வந்து, சீட்டில் அச்சுப் பிழை இருக்கிறது, ஐந்து மாதம் என்பது ஐந்து வயது என்று விழுந்திருக்கிறது என்றார்கள். நால்வருக்கும் நன்றி சொன்னாள், அது சரிதான் என்றாள்.

அம்மா புதுச் செருப்பில் மெதுவாக மாடி ஏறி வந்தாள். முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்து, இப்போது இதைவிட மோசம் என்றாள். பிறகு இளஞ்சிவப்புக் கவுனுக்கு முன்னால் போய் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து சீட்டைப் படித்தாள்.

'நான். ஐந்து வயது. படம்: அம்மா.'

படித்து முடித்தும் நிமிரவில்லை. சின்னவள் பக்கத்தில் போய் நின்றாள். அம்மாவுக்கு இது பிடிக்காமல் போனால், பத்து நாளும் அந்தச் சுவர் வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை, இப்போதே கழற்றிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு நின்றாள்.

"நான் எந்தப் பொத்தானையும் அமுக்கலையே" என்றாள் அம்மா, சீட்டைப் பார்த்தபடியே.

"பொத்தானை யார் வேணாலும் அமுக்கலாம்மா."

அம்மா முந்தானையால் சீட்டின் ஓரத்தில் இல்லாத தூசி எதையோ துடைத்தாள். அங்கிருந்து நகரவும் இல்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், வேண்டாம் என்று நின்றுகொண்டே இருந்தாள். கைக்குறிப்பேட்டோடு வந்த பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி, படத்தையும் சீட்டையும் படத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்ற கிழவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்களும் ஓவியம், புகைப்படம் என்று ஏதாவது செய்வீர்களா என்று மரியாதையாகக் கேட்டாள். சின்னவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அம்மாவே சொல்லிவிட்டாள்.

"ஒரே ஒரு படம்தான் பண்ணியிருக்கேன்."